பல்லில் பறி, கையில் இறால்... கும்மிடிப்பூண்டி பக்கம் போகலாமா?

சென்னை சென்ட்ரலில் ஏறினால் புறநகர் ரயில்கள் பலவற்றுக்கும் கும்மிடிப்பூண்டிதான் கடைசி ஸ்டேஷன். எல்லோரும் சிப்காட் பக்கம் திரும்புவார்கள். நாம் கிழக்கே, பழவேற்காடு ஏரிக்குப் போவோம். சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் பெரிய உப்பங்கழி ஏரி இதுதான்.

இங்கே இருளர் மக்கள் வலையே இல்லாமல் இறால் பிடிக்கிறார்கள். ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, தண்ணீருக்குள் சேற்றைக் கையால் தடவித் தடவி எடுக்க வேண்டும். கெளுத்தி முள் குத்தும். சிப்பி ஓடு கிழிக்கும்.

குளிர்க் கடலில் மூழ்குபவர்களுக்கு டிரை சூட் உண்டு. காற்றை ஏற்ற நெஞ்சில் ஒரு வால்வு, வெளியேற்ற இடது கையில் இன்னொன்று. கரையேறியதும் இரண்டையும் நல்ல தண்ணீரில் அலச வேண்டும். உப்பு படிந்து ஏற்றும் வால்வு சிக்கினால், சூட் ஊதி ஆளை விருட்டென மேலே தூக்கிவிடும். உயிருக்கே ஆபத்து. வெளியேற்றும் வால்வில் மணல் துகள் மாட்டினால் உள்ளே தண்ணீர் கசியும்.

நம்ம ஊர் வெயிலுக்கு அதைப் போட்டால் புழுங்கியே போய்விடுவோம்! ஆனால், 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணூரில் எண்ணெய் பரவியபோது, அங்கே கையால் இறால் பிடிப்பவர்களுக்கும் அந்தத் தண்ணீருக்கும் நடுவில் இருந்தது வெறும் தோல் மட்டுமே.

போனால் காலையிலேயே போங்கள். போட்டோ எடுக்கும் முன் கேளுங்கள். இறாலுக்குப் பேரம் பேசாதீர்கள், ப்ளீஸ்.