விரல் பிரித்த நரம்பு

ஜூன் 12

எத்திக்ஸ் கமிட்டியின் அனுமதிக் கடிதம் இன்று கைக்கு வந்தது. எம்.டி. அனாடமி மூன்று வருடப் படிப்பு. தீசிஸ் தலைப்பு முடிவாகி இந்த ஒரு தாள் வருவதற்குள் முதல் வருடம் பெரும்பாலும் ஓடிவிட்டது. சயாட்டிக் நரம்புக்கும் பிரிஃபார்மிஸ் தசைக்கும் உள்ள தொடர்பைப் பார்க்க வேண்டும். 20 உடல்கள், 40 கால்கள்.

இரவு போனில் அம்மாவுக்கு விளக்கினேன். உடம்பிலேயே தடித்த நரம்பு அது. இடுப்பை விட்டு வெளியே வரும் இடத்தில் ஏறக்குறைய 2 செ.மீ. அகலம். பேரிக்காய் வடிவத் தசை ஒன்றின் கீழ் விளிம்பில் எட்டிப்பார்த்து, தொடையின் பின்புறமாக இறங்கி, முழங்காலுக்குச் சற்று மேலே இரண்டாகப் பிரியும். பெரும்பாலானவர்களுக்கு இப்படித்தான். சிலருக்கு இடுப்பிலேயே பிரிந்து, ஒரு கிளை அந்தத் தசையைத் துளைத்துக்கொண்டு வரும்.

"அது தெரிஞ்சு என்ன ஆகப்போகுது?"

காலை மரத்துப்போகச் செய்ய முழங்காலுக்குப் பின்னால் ஊசி போடுவார்கள். நரம்பு மேலேயே பிரிந்திருந்தால் மருந்து ஒரு கிளைக்கு மட்டும் எட்டலாம். காலில் பாதி மரக்காமல் போகும். இடுப்பு மூட்டை மாற்றுகிறவர்களும் அந்த நரம்பில் கத்தி படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இதைச் சொன்னதும், "அப்ப ஒழுங்கா பாரு" என்றாள் அம்மா.

செப்டம்பர் 3

முதல் கால். மதியம் முதலாண்டுப் பிள்ளைகள் கைகழுவிப் போன பிறகுதான் ஹால் எனக்குக் கிடைக்கிறது. உடலைக் குப்புறத் திருப்ப நான்கு பேர் வந்தார்கள். தோலை எடுத்தால் மஞ்சள் கொழுப்பு. பார்மலின் நெடி கண்ணைக் கரித்தது, ஃபோர்செப்ஸ் வழுக்கியது. பிட்டத்தின் பெரிய தசையை அறுத்துப் புரட்ட ஒன்றரை மணி நேரம். அதன் அடியில், தளர்ந்த கொழுப்புக்கு நடுவே, வெள்ளை நாடா போல நரம்பு.

நோட்டில் 'நார்மல்' என்று எழுதினேன். கைடு மேடம் பேனாவால் அடித்தார்.

"நார்மல்னு எழுதாதேம்மா. எங்க வெளிய வருது, எவ்வளவு அகலம், உட்காரும் எலும்புலருந்து எத்தனை மில்லிமீட்டர், அதை எழுது."

வெர்னியரை எடுத்து மறுபடி முதலிலிருந்து அளந்தேன்.

அக்டோபர் 17

இதை முழுதாக எழுதிவிட வேண்டும்.

ஒன்பதாவது கால். கொழுப்பை விலக்கிக்கொண்டே வந்தேன். தசையின் கீழ் விளிம்பிலேயே நரம்பு இரண்டாகத் தெரிந்தது. பீட்டனும் ஆன்சனும் 1937-இல் இந்த நரம்பையும் தசையையும் ஆறு வகையாகப் பிரித்து எழுதியதை எத்தனை முறை படித்திருப்பேன்! கடைசியில் என் கையிலும் ஒரு மாறுபாடு. கையுறையைக் கழற்றி வீசிவிட்டு மேடம் அறைக்கு ஓடினேன்.

அவர் வந்தார், குனிந்தார், வெகுநேரம் பேசவில்லை.

"பிரிக்கறதுக்கு முன்னாடி எடுத்த போட்டோ எங்க?"

இல்லை.

"இது தானா பிரிஞ்சுதா, நீ பிரிச்சியா?"

சயாட்டிக் நரம்பு என்பது உண்மையில் ஒரே உறைக்குள் சேர்ந்து ஓடும் இரண்டு நரம்புகள். அந்த உறையைத் திறந்து நடுவில் விரலை ஓட்டினால் வெண்டைக்காய் பிளப்பதுபோல மேலே இடுப்பு வரைக்கும் பிரிந்துகொண்டே போகும். கீழே தொடையில் கொழுப்பை ஒதுக்கும்போது என் ஆள்காட்டி விரல் மேல்நோக்கிப் போனது எனக்கு நினைவு வந்தது. மேடம் லென்ஸைத் தந்தார். இரண்டு கிளைகளின் உட்பக்கமும் அறுந்த மெல்லிய இழைகள். இயற்கையாகப் பிரிந்தவற்றுக்கு அதனதன் உறை வழுவழுவென்று இருக்கும்.

"இந்தக் காலை விட்டுடு. ஏன் விட்டேன்னும் தீசிஸ்ல எழுது. 39-ஆ இருக்கட்டும்."

திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. மூடுவதற்கு முன் பாதத்தைப் பார்த்தேன்: ஆழமான பித்தவெடிப்பு, செருப்பில்லாமல் நெடுந்தூரம் நடந்த குதிகால். இவர் தானே எழுதிக் கொடுத்த உடல் இது. அதில் ஒரு காலை என் அவசரத்தால் வீணாக்கிவிட்டேன். அறுவைக்கூடத்தில் பிரித்ததை மறுபடி சேர்க்க வழியே இல்லை. சாப்பாடு இறங்கவில்லை.

அக்டோபர் 18

நரம்பைத் தொடும் முன் அளவுகோல் வைத்து போட்டோ. மேலே தசை விளிம்பிலிருந்து கீழ்நோக்கித்தான் வேலை. உறையை விரலால் திறப்பதில்லை.

நவம்பர் 5

நூலகத்தில் கிரேயின் அனாடமி புத்தகம். 1858 முதல் பதிப்புக்குப் படங்கள் வரைந்தவர் கார்ட்டர். பிறகு பம்பாய் வந்து கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் அனாடமி கற்பித்தவர். உறுப்பின் பெயரை உறுப்பின் மேலேயே எழுதிய அந்தக் கோடுகள் எனக்கு எப்போதும் பிடிக்கும். ஆனால் படத்தில் எல்லாமே இருக்க வேண்டிய இடத்தில் இருக்கின்றன. மேசையில் கிடக்கும் உடலுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. படத்தை மனதில் வைத்துக்கொண்டு கத்தியை எடுத்தால் கை படத்தைத்தான் தேடுகிறது.

ஜனவரி 22

பதினோராவது உடல், இடது பக்கம். தசையே இரண்டு பட்டையாக இருந்தது. நடுவிலிருந்து வெளிப்பக்கக் கிளை வந்தது, உள்பக்கக் கிளை கீழ் விளிம்பில். நெஞ்சு அடித்துக்கொண்டது. கையை எடுத்துவிட்டேன். போட்டோ, அளவு, மறுபடி போட்டோ. பிறகுதான் மேடத்தை அழைத்தேன்.

லென்ஸில் பார்த்தார். இரண்டுக்கும் தனித்தனி உறை. இடையில் தசை நார்கள் அப்படியே இருந்தன.

"எழுதிக்கோம்மா," என்றார். அவர் குரலிலும் சந்தோஷம் இருந்தது.

வலது பக்கத்தைத் திறக்க இருட்டிவிட்டது. ஒரே ஆளின் அந்தக் காலில் நரம்பு பிரியாமல், தசைக்குக் கீழே, புத்தகத்தில் இருப்பதுபோலவே வந்திருந்தது. அதையும் அதே கவனத்தோடு அளந்தேன்: அகலம், தூரம், கோணம்.

"துணிய நல்லா நனைச்சுப் போடுங்க மேடம், ஒரு நாள் காஞ்சாலும் போச்சு," என்றார் அட்டெண்டர் அண்ணன். இரண்டு கால்களையும் நனைத்த துணியால் சுற்றி, மேலே பாலித்தீன் போர்த்தினோம். இன்னும் 18 கால்கள்.