எது போதாமல் இருக்க வேண்டும்? ஜாம்பி ஆட்ட முறைகளும் ஊவாத் தோட்ட நிலமும்

ஜாம்பிக் கூட்டத்திடமிருந்து தப்பிப் பிழைப்பதைக் கருவாகக் கொண்ட கணினி விளையாட்டுகளில், வரைபடமும் ஆயுதங்களும் எதிரிகளும் பெரும்பாலும் அப்படியே இருக்க, வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கும் விதிகளை மாற்றி அதே களத்தில் வேறோர் ஆட்டத்தை நிகழ்த்தும் ஏற்பாடு ஆட்ட முறை எனப்படுகிறது. இத்தகைய முறையொன்றை முதன்முதலாக வடிவமைக்க முனைபவர் புதிய எதிரியையோ புதிய துப்பாக்கியையோ சேர்ப்பதிலேயே பெரும்பாலும் காலம் கழிக்கிறார். தொழில் கைவரக் கைவர, ஆட்டக்காரரிடம் எது போதாமல் இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு விடை காண்பதே வேலையின் பெரும்பகுதி என்பது அவருக்குப் புலப்படுகிறது.

வால்வ் நிறுவனம் 2008 நவம்பரில் வெளியிட்ட ‘லெஃப்ட் ஃபோர் டெட்’ விளையாட்டும், அடுத்த ஆண்டு நவம்பரில் வந்த அதன் இரண்டாம் பாகமும் இதற்குத் தெளிவான சான்றுகள். அடிப்படை முறையில் நான்கு பேர் ஒரு பாதுகாப்பு அறையிலிருந்து அடுத்த அறைக்கு வழிதேடிச் செல்கின்றனர். ‘நெறியாளர்’ எனப்படும் நிரல், அவர்கள்மீது ஏறும் நெருக்கடியை அளந்து, அது உச்சத்தைத் தொட்டதும் சற்று நேரம் தாக்குதலைத் தளர்த்தி, மூச்சு வாங்கவிட்டு மறுபடியும் கூட்டத்தை அனுப்புகிறது. 2009 ஏப்ரலில் சேர்க்கப்பட்ட ‘தாக்குப்பிடித்தல்’ முறையில் செல்வதற்கு இடமே கிடையாது. மரணம் உறுதியாகிவிட்ட நிலையில் 4, 7, 10 நிமிடங்களுக்கு முறையே வெண்கலம், வெள்ளி, தங்கப் பதக்கங்கள் என்று கணக்கு வைக்கப்படுவதால், அங்கே அருமையாகிவிடுவது காலம். ‘சேகரிப்பு’ முறையில் சிதறிக் கிடக்கும் 16 பெற்றோல் கேன்களைத் தூக்கிவந்து மின்பிறப்பாக்கியில் ஊற்ற வேண்டும்; கேனை ஏந்தியவர் சுட முடியாது என்ற ஒரே விதி, கைகளையே பற்றாக்குறைப் பொருளாக்கிவிடுகிறது. ‘யதார்த்த’ முறையோ, சுவருக்கு அப்பால் இருக்கும் தோழரைக் காட்டிவந்த ஒளிக்கோட்டை நீக்கி, யார் எங்கே என்ற அறிவைப் பறிக்கிறது.

இரண்டாம் பாகத்தில் 2010இல் வாரத்துக்கு ஒன்றாக அறிமுகமான ‘பிறழ்வுகள்’ இந்த இலக்கணத்தை மேலும் வெளிப்படையாக்கின. ஒவ்வொரு பிறழ்வும் ஏற்கெனவே உள்ள ஒரு முறையை அடித்தளமாகக் கொண்டு, நெறியாளர் படிக்கும் சிறிய உரைக் கோப்பில் சில மதிப்புகளை மாற்றுவதன் மூலம் பிறப்பது. ஒரே நேரத்தில் நடமாடக்கூடிய சாதாரண ஜாம்பிகளின் வழக்கமான உச்சவரம்பு 30. ‘உலகின் கடைசி மனிதன்’ என்ற பிறழ்வில் அது சுழியமாக்கப்பட்டு, ஆட்டக்காரர் தன்னந்தனியாக விடப்படுகிறார். கூட்டம் இல்லாததால் ஆட்டம் எளிதாகும் என்று எதிர்பார்த்தவருக்கு, எஞ்சியிருக்கும் சிறப்பு வகை எதிரியிடமிருந்து நிசப்தத்தில் கேட்கும் ஒற்றை இருமல்கூடப் பெருங்கூட்டத்தைவிட அச்சமூட்டுவது தெரியவரும். தூக்கிவிடத் தோழர் இல்லாத நிலையில், சிறப்பு வகை எதிரியால் வீழ்த்தப்பட்டவர் தானாகவே எழுவதற்கு அங்கே வழி செய்ய வேண்டியிருந்தது. ஒரு விதியை உருவினால் அதன்மேல் சாய்ந்திருந்த இன்னொரு விதிக்கு முட்டுக் கொடுக்க வேண்டும் என்பது இத்தொழிலின் மாறாத பாடம்.

பற்றாக்குறையை விதி மட்டும் உண்டாக்குவதில்லை, நிலமும் உண்டாக்குகிறது என்பதைப் இலங்கையின் ஊவா மாகாணத்தில் பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றை வரைபடமாக்கிப் பார்க்க நினைப்பவர் விரைவிலேயே உணர்வார். இவ்விளையாட்டின் இயந்திரத்தில் ஏறத்தாழ 45 பாகைக்கு மேற்பட்ட சரிவில் பாத்திரம் நிற்க முடியாமல் வழுக்கிவிடும் என்பதால், மலைச்சரிவை உள்ளபடியே வரைந்தால் நடப்பதற்கு எஞ்சுவன வடிகால் கான்களும் நிரைகளுக்கு இடையிலான ஒற்றையடிப் பாதைகளுமே. இடுப்பளவில் மட்டமாகக் கவ்வாத்து செய்யப்பட்ட தேயிலைச் செடி பார்வையைத் தடுக்காமல் நடையை மட்டும் தடுப்பது. எதிரி தூரத்திலேயே தெரிந்தாலும் விலகிச் செல்ல வழியிராது. அங்கே மாலையில் இறங்கும் மூடுபனியையும் சேர்த்துவிட்டால் அந்தப் பார்வையும் போய்விட, யதார்த்த முறைக்கு வேண்டிய அறியாமையை விதியின் துணையின்றி நிலமே தந்துவிடுகிறது.

சேகரிப்பு முறைக்குக் கொழுந்து நிறுக்கும் மடுவம் பொருத்தமாகத் தோன்றும். ஆனால் அது கேன்கள் கிடக்கும் மலைக்குக் கீழே அமைந்தால், ஆட்டக்காரர்கள் கேன்களைச் சரிவில் வீசி உருட்டிவிட்டு இரு கைகளாலும் சுட்டுக்கொண்டே இறங்கிவிடுவர், முறையின் உயிரான விதி செத்துவிடும். ஆகவே மின்பிறப்பாக்கியைத் தொழிலாளர் குடியிருப்பான மேட்டு லயத்திலும் கேன்களைப் பணிய லயத்திலும் வைக்க வேண்டும். தாக்குப்பிடித்தல் முறைக்கு, தோட்டத்தார் இஸ்டோர் என்றழைக்கும் தொழிற்சாலை உகந்தது: கொழுந்து வாட்டும் மேல்மாடிகளில் வரிசையான சன்னல்கள் பலவும் படிக்கட்டுகள் சிலவுமாக இருப்பதால், காவல் காக்க வேண்டிய வாயில்கள் காப்பவரின் எண்ணிக்கையை எப்போதும் மிஞ்சி நிற்கும். வழிதேடும் முறைக்கோ, 1924இல் பதுளையை வந்தடைந்த மலையகப் புகையிரதப் பாதை போதும். தெமோதரையில் பாதை வளைந்து தன் நிலையத்துக்கே அடியில் சுரங்கமாகப் புகுவதால், ஆட்டக்காரர் கடந்துவந்த இடத்தைக் கீழிருந்து மறுபடி காண்பர், பதுளையோடு தண்டவாளம் முடிவதால் இறுதிக் கட்டம் எங்கே என்று சுட்டிக்காட்ட அம்புக்குறியும் தேவைப்படாது.

இவ்வாறு நிலம் தரும் ஒவ்வொன்றையும் விதியாக்கிவிடலாமா என்பது தொழில்நுட்பத்துக்கு வெளியே நிற்கும் கேள்வி. மழை வலுக்க வலுக்கச் சரிவு இளகி, குறித்த நேரத்தில் லயத்தை மண் மூடும் ஒரு முறையை எழுதுவது கடினமன்று. காலத்தையும் இடத்தையும் ஒருசேர அருமையாக்கும் வலிய விதியாகவும் அது அமையும். ஆனால் 2014 அக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் புதைந்த மாகாணம் இது. மழைக்காலம்தோறும் மண்சரிவு எச்சரிக்கைகளைக் கேட்டுக்கொண்டு அதே சரிவுகளில் வாழ்பவர்களுக்கு அந்த விதி விளையாட்டாக இராது. ஜாம்பி உலகில் இல்லாத ஒன்று என்பதாலேயே அதன் அச்சம் தோற்றவரையும் சிரிக்கவிடுகிறது. எதைப் போதாமல் ஆக்குவது என்று தேர்ந்தெடுக்கும் வடிவமைப்பாளர், எதைத் தொடாமல் விடுவது என்பதையும் அதே கோப்பில், அதே கவனத்துடன் முடிவுசெய்தாக வேண்டும்.