மணிமங்கலம் வழியாக மாமல்லபுரம்

ஒரகடத்தில் வேலை பார்க்கும் வெளியூர்ப் பிள்ளைகளிடம் லீவுக்கு எங்கே போவீர்கள் என்று கேட்டால், ரூமில் தூக்கம், மிஞ்சினால் தாம்பரம் என்பார்கள். கம்பெனி பஸ் ஜன்னலில் பார்த்தால் இந்த ஊர் காம்பவுண்டுச் சுவரும் கன்டெய்னர் லாரியுமாகத்தான் தெரியும். நானும் அந்த பஸ்ஸில் போகிறவன்தான். கோவில்பட்டியிலிருந்து வந்திருந்த அம்மா, "கோயிலும் பாக்கணும், கடலும் பாக்கணும்யா" என்றபோது போட்ட திட்டம் இது. வாடகைக் கார் இருந்தால் ஒரே நாளில் முடியும்.

திட்டத்தின் அச்சாணி, நடை சாத்தும் நேரம். உச்சி வேளையில் சாத்தினால் பெரும்பாலான கோயில்களில் மறுபடி திறக்க நாலு மணி ஆகிவிடும். ஆகவே காலையில் கோயில், மதியத்தில் தொல்லியல் துறைச் சின்னங்கள், மாலையில் மறுபடி கோயில் என்று வகுத்துக்கொண்டேன்.

முதலில் ஸ்ரீபெரும்புதூர். 1017இல் ராமானுஜர் பிறந்த ஊர். ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் இருக்கும் அவருடைய திருமேனியை, அவர் வாழ்ந்த காலத்திலேயே செய்து, அவரே உகந்து தழுவிக்கொண்டார் என்பது மரபு. ‘தான் உகந்த திருமேனி’ என்கிறார்கள். அம்மா அந்தச் சன்னதியை விட்டு நகரவே இல்லை.

அங்கிருந்து நேரே ஒரகடம் போகாமல், தாம்பரம் சாலையில் மணிமங்கலம் போய்ச் சுற்றி வாருங்கள். இதை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்வேன். வாதாபியிலிருந்து படையெடுத்து வந்த இரண்டாம் புலிகேசியை, 7ஆம் நூற்றாண்டில் முதலாம் நரசிம்மவர்மப் பல்லவன் முறியடித்த களங்களில் இந்த ஊரும் ஒன்று. பல்லவர்களின் கூரம் செப்பேடு இவ்வூரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அந்த நரசிம்மவர்மனின் பட்டப்பெயர்தான் மாமல்லன். மதியம் நாம் நிற்கப்போகும் கடற்கரை ஊருக்குப் பெயர் கொடுத்தவன், நம் கம்பெனிகளுக்குப் பக்கத்தில் நின்று போரிட்டிருக்கிறான்! இங்கே தர்மேசுவரர் கோயிலின் பின்பக்கம் போய்ப் பாருங்கள். படுத்திருக்கும் யானையின் முதுகுபோல் வளைந்த தூங்கானை மாட விமானம்.

படப்பை, ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள் கோயில். குன்றையே குடைந்த பல்லவர் காலக் குடைவரை. நரசிம்மர் அந்தப் பாறையிலேயே உருவானவர் என்பதால் அவரைப் பிரதட்சிணம் வர வேண்டுமானால் குன்றையே சுற்ற வேண்டும். பட்டர், நரசிம்மரின் நெற்றியில் இருந்த திருமண்ணை மெல்லத் தூக்கி, தீபத்தை உயர்த்திக் காட்டினார். அடியில் இருந்த மூன்றாவது கண் ஒரு நொடி தெரிந்தது. அம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

திருக்கழுக்குன்றத்தில் மலைமேல் வேதகிரீசுவரர். ஐந்நூறுக்கு மேல் படிகள். வெயிலில் பெரியவர்களை ஏற்ற வேண்டாம். அடிவாரத்துப் பக்தவத்சலேசுவரரைச் சேவித்தால் போதும்.

மதியம் மாமல்லபுரம். கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதங்களுக்கும் ஒரே டிக்கெட். கூட்டம் அலுத்தால் வடக்கே சாளுவன்குப்பம் போங்கள். 2004 சுனாமி மணலை அரித்துப் போனபோது ஒரு பாறையில் கல்வெட்டு வெளிப்பட்டது. அதைப் பிடித்துக்கொண்டு தோண்டியதில் கிடைத்தது பல்லவருக்கு முந்தைய செங்கல் முருகன் கோயில். கல்லில் செய்த வேலும் அங்கேயே நிற்கிறது. எத்தனையோ உயிரைக் கொண்டுபோன அலை இதைக் காட்டிவிட்டுப் போனதை நினைத்தால் மனம் ஒரு நிலையில் நிற்காது.

நாலு மணிக்குமேல் திருவிடந்தை நித்யகல்யாணப் பெருமாள். ரூமில் வரன் அமையாத நண்பர் இருந்தால் அவரையும் கூட்டிப் போங்கள். மாலை சாற்றி வாங்கி, கழுத்தில் போட்டுக்கொண்டு பிராகாரம் சுற்றுவது இங்கே வழக்கம்.

திரும்பும்போது ஈசிஆரில் சென்னைக்குள் போய் மாட்டிக்கொள்ளாதீர்கள், ஞாயிற்றுக்கிழமை நெரிசல் தாங்காது. கோவளத்தில் இடதுபுறம் திரும்பிக் கேளம்பாக்கம், வண்டலூர் வழியாக வந்தால் வாலாஜாபாத் சாலையே ஒரகடத்தில் கொண்டுவந்து விட்டுவிடும். மறுநாள் ஏ ஷிஃப்ட் இருந்தாலும் தூங்க நேரம் கிடைக்கும்.