435ன்னா என்ன? - ஒரு ஆணி புராணம்

அடுத்தவர் எழுதின கோடை மேய்க்கிறதுதான் இருக்கிற ஆணிகள்லயே மோசமான ஆணின்னு பொட்டி தட்டுற எல்லாருக்கும் தெரியும். அதுலயும் எழுதினவர் சொந்தமா ஒரு ப்ரேம்வொர்க்கே கட்டி வச்சுட்டு, ஒரு வரி கமென்ட் கூட எழுதாம வேலையை விட்டுப் போயிருந்தா? போன வருஷம் எனக்கு வாய்ச்சது அதுதான் மக்களே.

விஷயம் இதுதான். எங்க ஊர் போடிநாயக்கனூர்ல ஒரு காய் வியாபாரியோட பில்லிங் சாப்ட்வேர். (எங்க ஊர்ல காய்னா ஏலக்காய்.) மலையில இருந்து இறங்குற காயை எந்தத் தரம், எவ்வளவு எடைன்னு பதிஞ்சா, விவசாயிக்கு எவ்வளவு பணம்னு அது சொல்லும். பிஎச்பில எழுதினது. பங்ஷன் பேரெல்லாம் ப்ராசஸ்2, ப்ராசஸ்2நியூ, ப்ராசஸ்2நியூபைனல். எது எதைக் கூப்பிடுதுன்னு பார்த்தா, கல்யாண வீட்டுல சொந்தம் விசாரிச்ச மாதிரி சுத்திச் சுத்தி ஆரம்பிச்ச இடத்துக்கே வருது. எழுதினவரோட போன் நம்பரும் மாறிடுச்சு.

வியாபாரி கேட்டது சின்ன வேலை. 8 மில்லிமீட்டர் காய்க்குத் தனி விலை போடணும், அவ்வளவுதான். மேனேஜர் ஒரு தடவை கோடைத் திறந்து பார்த்துட்டு, "தூக்கிப் போட்டுட்டு புதுசா எழுதிரலாம்ப்பா"ன்னார்.

அவருக்கு ஆதரவா ஒரு பெரிய தலையே இருக்கார். டென்மார்க்கோட பீட்டர் நவுர், 2005ல டூரிங் விருது வாங்கினவர். 1985ல எழுதின ஒரு கட்டுரையில அவர் சொன்னது இது: ப்ரோகிராம்ங்கிறது கோடும் டாக்குமென்டும் இல்ல, எழுதினவங்க மண்டைக்குள்ள இருக்கிற புரிதல். அவங்க கலைஞ்சு போனா ப்ரோகிராமும் செத்துடும். அதுக்கு உயிர் கொடுக்க மல்லுக்கட்டுறதை விட, புது ஆளுங்க முதல்ல இருந்து எழுதுறதே மேல்.

ஆனா புதுசா எழுதுறதுன்னா என்னன்னு போடிக்காரனுக்கு நல்லாவே தெரியும். 1928ல வந்த மதுரை - போடி மீட்டர் கேஜ் ரயிலை, அகலப்பாதை போடுறதுக்காக 2010 டிசம்பரோட நிறுத்தினாங்க. திரும்ப போடிக்கு ரயில் வந்தது 2023 ஜூன்ல. நான் ஸ்கூல் படிக்கும்போது போன ரயில், இன்ஜினியரிங் முடிச்சு வேலைக்குப் போனப்புறம்தான் வந்துச்சு. அகலப்பாதை தேவைதான், குறை சொல்லல. அந்தப் பன்னிரண்டு வருஷமும் சனங்க பஸ்ஸுல போய்க்கிட்டாங்க. சீசன் நேரத்துல பில்லிங் நின்னா, காய் கொண்டு வர்ற விவசாயி எந்த பஸ்ஸுல ஏறுவார்?

அதனால எதையும் மாத்தாம ஆரம்பிச்சேன். மைக்கேல் பெதர்ஸ், பழைய கோடோட குடித்தனம் பண்றது பத்தி 2004ல ஒரு புத்தகம் எழுதினார். கோடு என்ன செய்யணும்னு யோசிக்காதே, இப்போ என்ன செய்யுதோ அதை அப்படியே டெஸ்ட்டா பிடிச்சு வைங்கிறது அதுல ஒரு வழி. பழைய பில் 300 எடுத்து திரும்ப ஓட்டி, வந்த விடையெல்லாம் சேமிச்சேன். ஒவ்வொரு மாற்றத்துக்கு அப்புறமும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்ல. ஒரே ஒரு பில்லை மட்டும் பிடிச்சு, எடை பதியுற இடத்துல இருந்து பிரின்ட் வரைக்கும் பின்னாலயே போனேன். ரெண்டு வாரத்துல முக்கால்வாசி வழி தெரிஞ்சிருச்சு.

தெரியாம நின்னது ஒரு இடம். ஏஎல்பி7, ஏஎல்பி6, ஏஎல்பி5ன்னு மூணு பேரு. பக்கத்துல 435, 415, 385ன்னு மூணு நம்பர். எடை அந்த நம்பருக்குக் குறைஞ்சா அடுத்த விலைக்கு இறக்கிவிடுது. மேனேஜர், "குப்பை, எடுத்துரு"ன்னார்.

காய்க்கடையில முப்பது வருஷமா வேலை பார்க்கிற மாமா அன்னிக்கு சாயங்காலம் வீட்டுக்கு வந்திருந்தார். சும்மா கேட்டு வச்சேன்.

"அட, லிட்டர் வெயிட்டுடா மாப்ள. ஒரு லிட்டர் படியில காயை அளந்தா எத்தனை கிராம் நிக்குதுன்னு பாக்குறது. காய் பெருசா இருந்தா போதுமா, உள்ள அரிசி வேணாமா? 7 எம்எம் காய் 435 நிக்கணும்."

"சரி மாமா, ஏஎல்பி?"

"ஆலப்புழை. ஏஜிஇபின்னு மூட்டையில பார்த்ததில்ல? ஆலப்புழை கிரீன் எக்ஸ்ட்ரா போல்டு."

தேடிப் பார்த்தா, அக்மார்க் தர விதியில அதே எண்கள்: 7 மில்லிமீட்டருக்கு 435, 6க்கு 415, 5க்கு 385. திருவிதாங்கூர் அரசு ஏலக்காயைத் தன் ஏகபோகமா வச்சிருந்த காலத்துல காய் ஆலப்புழை டிப்போவுக்குப் போய்த்தான் ஏலம் போச்சு. டிப்போ போயிடுச்சு, பேரு மட்டும் ஒட்டிக்கிச்சு. நாம பழைய வேரியபிள் பேரை மாத்தப் பயந்து விட்டு வைப்போமே, அதே கதைதான்.

அந்த மூணு வரியைத் தூக்கியிருந்தா, அரிசியில்லாத சொத்தைக் காயும் நல்லா விளைஞ்ச காயும் ஒரே விலைக்குப் போயிருக்கும். ஒழுங்கா விளைய வச்சு, பதமா உலர்த்திக் கொண்டு வர்றவருக்கு என்ன மரியாதை?

நவுர் சொன்னதுல பாதியை ஒத்துக்கிறேன். புரிதல் மண்டைக்குள்ளதான் இருக்கு. ஆனா எழுதினவர் மண்டையில மட்டும் இல்ல. அவர் யார்கிட்ட கேட்டு எழுதினாரோ அவங்க இன்னும் கடையில உக்கார்ந்து காய் அளந்துக்கிட்டுதான் இருக்காங்க. டெவலப்பர் போயிட்டார்னா அவங்ககிட்ட போய்க் கேட்கலாம்.

8 எம்எம் வேலை நாலு நாள்ல முடிஞ்சது. 435க்கு மேல மூணு வரி கமென்ட் தமிழ்லயே எழுதி வச்சிருக்கேன்.

டிஸ்கி: பேர் தெரியாத அந்த அண்ணனுக்கு ஒரு வார்த்தை. லாஜிக் எல்லாம் சரிதாண்ணே, ப்ராசஸ்2நியூபைனலுக்கு மட்டும் மன்னிப்பு கிடையாது :-)