சொல் கேட்டல்

2020 ஏப்ரலில் அப்பா லண்டன் மருத்துவமனையொன்றில் கொவிட்டால் இறந்தார். தாதி ஒருவர் பிடித்துக்கொண்டிருந்த கைபேசித் திரையில் ஐந்து நிமிடம் அவரைப் பார்த்தோம். அம்மா ஜெபித்தா. நான் திரையின் மூலையில் ஓடிய நேரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடக்கம் முடிந்த வாரம் சபையின் மூத்தவர் ஒருவர் தொலைபேசி எடுத்தார். "வீட்டிலை ஜெபம் குறைஞ்சிட்டுது போலை, தம்பி. கர்த்தர் ஏதோ சொல்லுறார்" என்றார். ஆறுதல் சொல்வதாகத்தான் நினைத்திருப்பார். ஆலயங்கள் மறுபடி திறந்தபின் ஞாயிறுகளில் அம்மாவை வாசலில் இறக்கிவிட்டு, ஆராதனை முடியும்வரை காருக்குள்ளேயே இருந்தேன்.

என் தொழில் தகவல் தொழில்நுட்ப ஆலோசனை. ஒரு சேவையகம் விழுந்தால் என்ன நடந்தது, ஏன் நடந்தது, யார் பொறுப்பு என்று அறிக்கை கேட்பவன் நான். கடவுளிடமும் அதையே கேட்டேன். பதில் வரவில்லை. கேட்பதை நிறுத்திவிட்டுக் கோபத்தை மட்டும் வைத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிறு, ஹரோவுக்குத் திரும்பும் வழியில் அம்மாவிடம் கேட்டேன்: "உங்களுக்கு அவரிலை கோபமே வரேல்லையா?"

"தொண்ணூற்றைஞ்சிலை வந்தது" என்றா.

எங்கள் ஊர் மானிப்பாய். பக்கத்து ஊர் நவாலி. 1995 ஜூலை 9 அன்று, 'முன்னேறிப் பாய்தல்' இராணுவ நடவடிக்கையால் இடம்பெயர்ந்த சனம் அடைக்கலம் தேடியிருந்த சென் பீற்றர்ஸ் தேவாலயத்தில் விமானக் குண்டுகள் விழுந்தன. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். எனக்கு அப்போது பதினான்கு வயது. எங்கள் வீட்டு ஓடுகள் அதிர்ந்தது நினைவிருக்கிறது. அம்மா சண்டை பிடித்தது எனக்குத் தெரியாது.

"உம்மடை வீட்டுக்கு ஓடிவந்த சனத்தை ஏன் விட்டனீர் எண்டு ஒவ்வொரு நாளும் கேட்டனான். ஒக்ரோபரிலை சாவகச்சேரிக்கு நடக்கேக்கையும் கேட்டுக்கொண்டுதான் நடந்தனான். பதில் வரேல்லை. ஆனா நான் கேக்கிறதை விடேல்லை. நீ கேக்கிறதையே விட்டிட்டாய், தம்பி."

அன்றிரவு யோபுவின் புத்தகத்தைத் திறந்தேன். ஓய்வுநாள் பள்ளியில் பொறுமைக்கு உதாரணமாகப் படித்த ஆள். ஆனால் மூன்றாம் அதிகாரத்தில் தான் பிறந்த நாளையே சபிக்கிறார். 31ஆம் அதிகாரம்வரை வழக்காடுகிறார். 38இல் கடவுள் பேசத் தொடங்கும்போது, நான் எதிர்பார்த்த அறிக்கை எதுவும் அங்கே இல்லை. பூமியின் அத்திபாரம், மழை, வரையாடு என்று கேள்விமேல் கேள்விதான். பிள்ளைகள் ஏன் செத்தார்கள் என்று யோபுவுக்குக் கடைசிவரை சொல்லப்படவில்லை.

என்னை நிறுத்தியது 42ஆம் அதிகாரம். கடவுளுக்காகப் பரிந்து பேசிய நண்பர்கள்மீதுதான் அவர் கோபிக்கிறார். சரியாகப் பேசியவன் யோபு என்கிறார். அதோடு விடவில்லை. துன்பத்துக்கு யோபுவின் பாவமே காரணம் என்று குற்றஞ்சாட்டிய அந்த நண்பர்களுக்காக யோபுவே ஜெபிக்க வேண்டும். அவர் ஜெபிக்கிறார். அவருடைய வாழ்வு திரும்புவது அந்த ஜெபத்தில்தான்.

பயபக்தி என்றால் கேள்வி கேட்காமல் இருப்பது என்றுதான் நினைத்திருந்தேன். எங்கள் மொழி அப்படிச் சொல்லவில்லை. வினவுவதும் கேட்பதுதான், செவிகொடுப்பதும் கேட்பதுதான். கீழ்ப்படிகிற பிள்ளையையும் 'சொல் கேக்கிற பிள்ளை' என்கிறோம். யோபு மூன்றையும் செய்தார். நான் முதலாவதிலேயே எழுந்து போய்விட்டேன்.

சென்ற ஆண்டு அந்த மூத்தவருக்குப் பாரிசவாதம் வந்தது. "பாக்கப் போவம். நீயும் உள்ளை வா" என்றா அம்மா. எனக்கு மனமில்லை. ஆனாலும் போனேன். கட்டில் அருகே நின்றபோது "நீ ஜெபி" என்றா. சொந்தமாக ஒரு சொல்லும் வரவில்லை. பரமண்டல ஜெபத்தைத் தொடங்கினேன். மன்னிப்பைப்பற்றிய இடத்தில் குரல் நின்றுவிட்டது. மீதியை அவர்தான் குழறிக் குழறிச் சொல்லி முடித்தார்.

அப்பாவின் அந்த ஐந்து நிமிடத்துக்கு இன்னும் பதில் இல்லை. கோபமும் முழுதாகப் போய்விடவில்லை. ஆனால் இப்போது ஞாயிறுகளில் காரைப் பூட்டிவிட்டு அம்மாவோடு உள்ளே போகிறேன். போயிருந்து கேட்கிறேன்.