கம்பளியில் ஊரும் அட்டை

இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்ட லயங்களில் பழைய கம்பளிக்கு லேசில் ஓய்வு கிடைப்பதில்லை. ஒரு காலத்தில் தோட்ட நிர்வாகமே தொழிலாளருக்குக் கம்பளியைக் கொடுத்துவிட்டு, அதன் விலையைச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டது. மழையிலும் பனியிலும் அதைத் தலையிலிருந்து முதுகுவரை போர்த்திக்கொண்டுதான் பெண்கள் மலையேறிக் கொழுந்தெடுத்தார்கள். நைந்த பிறகு அது பிள்ளைக்கு விரிப்பாகும்; அதற்கும் உதவாதபோது வாசலில் கால்மிதியாகும். அந்தக் கடைசி வேலைக்குப் போகுமுன் அதற்கு இன்னொரு வேலை கொடுக்கலாம். பன்வில, மடுல்கலை, ஹுலுகங்கைப் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லும் பலகையாக அதை மாற்றலாம்.

ஃபெல்ட் பலகை என்று கடைக்காரர்கள் சொல்லும் இந்தச் சாமான் பெரிய வித்தை ஒன்றுமில்லை. நார் எழும்பி நிற்கும் ஒரு துணியைப் பலகையில் இழுத்துக் கட்ட வேண்டும். அதேபோன்ற துணியில் காகம், நரி, பாட்டி, மரம் என்று வெட்டி, அதன்மேல் வைத்து உள்ளங்கையால் அழுத்தினால் நின்றுவிடும். பசையும் வேண்டாம், காந்தமும் வேண்டாம். இரண்டு துணிகளின் மெல்லிய நார்களும் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்வதுதான் பிடிப்பு. 20ஆம் நூற்றாண்டில் தேவாலயங்களின் ஞாயிறு பள்ளிகள் இப்படித்தான் விவிலியக் கதைகளைச் சொல்லின. இந்தியாவில் 1952இல் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கிய பிறகு, கிராமத்தாருக்கு விவசாயமும் சுகாதாரமும் விளக்கப் போனவர்களின் கையிலும் பிளனல் துணிப் பலகை இருந்தது. படம் விழாமல் நிற்கிறதே என்ற வியப்பு பெரியவர்களையும் விடுவதில்லை.

கடையில் விற்கும் வண்ண ஃபெல்ட் பார்க்க அழகுதான். ஆனால் தோட்டத்து வீட்டுக்கு அது தேவையே இல்லை. நல்ல ஆட்டு ரோமச் சுவெட்டர் ஒன்று கிழிந்து கிடந்தால் போதும். ரோம இழையின் மேல் நுண்ணிய செதில்கள் உண்டு. சுடுநீரில் சவர்க்காரம் போட்டுக் கசக்கும்போது அவை ஒன்றுக்குள் ஒன்று மாட்டி இறுகும். சுவெட்டர் சுருங்கித் தடித்துப்போகும். போட்டுக்கொள்ள உதவாது, ஆனால் அதுதான் ஃபெல்ட். எந்தப் பக்கம் வெட்டினாலும் நூல் பிரியாது, ஓரம் தைக்கும் வேலையும் மிச்சம். அக்ரிலிக் சுவெட்டர் இப்படிச் சுருங்காது. எது ரோமம், எது அக்ரிலிக் என்று தெரியாவிட்டால், பெரியவர் யாராவது ஒரு நூலை மட்டும் கொளுத்திப் பார்க்கலாம். ரோமம் முடி கருகும் வாடை வீசும். அக்ரிலிக் உருகிக் கட்டியாகும்.

பலகைக்கு முன்பெல்லாம் தேயிலைப் பெட்டி இருந்தது. ஒட்டுப்பலகைப் பெட்டிகளில் தேயிலை கப்பலேறிய நாட்களில், உடைந்த பெட்டியின் ஒரு பக்கம் எந்த லயத்திலும் அகப்படும். இப்போது தேயிலை காகிதச் சாக்கில் போகிறது. ஆகவே டீவி வந்த பெட்டியின் ரிஜிபோம், அல்லது இரண்டு மூன்று மடிப்பாகச் சேர்த்துக் கட்டிய காட்போட். மூன்றடி அகலமும் இரண்டடி உயரமும் தாராளம். கம்பளியை அதன்மேல் விரித்து, ஓரங்களைப் பின்னால் மடித்து, கோணி ஊசியால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குறுக்கே இழுத்துத் தைத்துவிட வேண்டும். கோதுமை மாப் பசையால் ஒட்டும் எண்ணம் வந்தால் உடனே கைவிடுவது நல்லது. நக்கிள்ஸ் மலை அடிவாரத்து ஈரக்காற்றில் சில நாளிலேயே பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணம் விட்டதைக் கரப்பான் தின்னும். பலகையைச் செங்குத்தாக நிறுத்தாமல், சுவரில் சற்றுப் பின்சாய்வாக வைத்தால் நரி பாதிக் கதையில் விழாது.

உருவங்களுக்கு ஓவியத் திறமை தேவையில்லை. ஒரு சாண் உயரம், தடித்த உடம்பு, கறுப்புக் கம்பளியில் எடுப்பாகத் தெரியும் வெளிர்நிறம் போதும். மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் இருக்கும் இடத்தில் கண்ணுக்குப் பொத்தான் தைக்கக் கூடாது. அது நேரே வாய்க்குத்தான் போகும். பத்திரிகையில் வந்த வண்ணப்படத்தை வெட்டி, பின்புறத்தில் தச்சர் மரம் தேய்க்கும் சொரசொரப்புத் தாளில் ஒரு துண்டை ஒட்டினாலும் பலகை அதைப் பிடித்துக்கொள்ளும். எல்லாவற்றிலும் மலிவானது கம்பளி நூல். நீல நூலை வளைத்து விட்டால் ஹுலு கங்கை. வெள்ளை நூல் மழை. கறுப்பு நூலில் விரல் நகமளவு வெட்டினால் அட்டை! இந்தப் பக்கத்துக் கதையில் அட்டை வராமல் போனால் பிள்ளைகள் நம்பமாட்டார்கள்.

தோட்டங்களில் இதற்கு இயல்பான இடம் பிள்ளை மடுவம். அம்மாமார் கொழுந்துக்குப் போகும்போது கைப்பிள்ளைகளை விட்டுச் செல்லும் இடம். 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் போன அதே ஆண்டில், இன்று பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் எனப்படும் அமைப்பும் தொடங்கியது. அதன் கவனிப்பில் மடுவங்கள் இப்போது சிறுவர் அபிவிருத்தி நிலையங்கள் என்று பெயர்ப்பலகை மாட்டிக்கொண்டிருக்கின்றன. வாயில் வருவதென்னவோ இன்னும் பிள்ளை மடுவம்தான்.

மடுவத்துக்கும் லயத்துக்கும் கதைப்புத்தகம் வேண்டாமென்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் புத்தகத்துக்கு வாசிக்கத் தெரிந்த ஒருவர் வேண்டும். மலையகத்தில் கதை நிறைய வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் அப்பாயியும் அம்மாயியும். பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்க்காமலே மலைக்குப் போனவர்கள் அவர்களில் எத்தனையோ பேர். காமன் கூத்தும் பொன்னர் சங்கர் கதையும் விடிய விடியப் பார்த்து வளர்ந்தவர்கள். எந்த இடத்தில் குரலைத் தாழ்த்த வேண்டும், எங்கே நிறுத்தினால் கேட்பவர் தவிப்பார் என்பதை அவர்களுக்கு எவரும் கற்றுத்தர வேண்டியதில்லை. பேரப்பிள்ளையின் புத்தகத்தைக் கையில் கொடுத்தால் கூச்சப்பட்டுத் திருப்பித் தந்துவிடும் அப்பாயி, கம்பளியில் நாலு உருவத்தைக் கண்டால் தானே எழுந்து வருவார். அங்கே எழுத்து இல்லை. தவறாக வாசித்துவிடுவோம் என்ற பயமும் இல்லை. பெரிய எழுத்தில் வண்ணப் புத்தகம் அச்சடித்து அனுப்பும் நல்ல மனங்கள் இதையும் கொஞ்சம் யோசிக்கலாம்.

ஒரு கதைக்கு ஐந்தாறு உருவங்களே போதும். கூடினால் பிள்ளைகள் கதையை விட்டுவிட்டு எண்ணத் தொடங்கிவிடுவார்கள். முதல் தடவை பெரியவர் சொல்லட்டும். இரண்டாம் தடவை உருவங்களைப் பிள்ளைகளிடம் பங்கிட்டுவிட வேண்டும். அவரவர் முறை வரும்போது அவரவர் கொண்டுவந்து ஒட்டட்டும். மூன்றாம் தடவை பெரியவர் வாயை மூடிக்கொண்டு உட்காருவதுதான் கடினமான பகுதி. ஏனென்றால் வடையைக் காகம் நரிக்குப் போடாது, பாட்டியிடமே திருப்பிக் கொடுத்துவிடும். நரி பஸ்ஸில் ஏறி வத்தேகமவுக்குப் போய்விடும். சில பிள்ளைகள் நரியின் காலில் அட்டையை ஏற்றித் தண்டிப்பார்கள். அச்சான படத்தில் நரியின் வாயிலிருக்கும் வடையை எந்தப் பிள்ளையாலும் எடுக்க முடியாது, கம்பளியிலிருந்து எடுக்கலாம். அப்படி எடுக்கும் கையை, ‘கதை அப்படி இல்லை’ என்று தட்டிவிடுகிறவர் பலகையே செய்யாமல் இருந்திருக்கலாம்.

வேலை முடிந்ததும் ஒவ்வொரு கதையின் உருவங்களையும் தனித்தனிக் கடித உறையில் இட்டு, பிஸ்கட் டின்னில் அடைத்துவிட்டால் ஈரம் ஏறாது. வெயில் அடிக்கும் நாளில் பலகையை வெளியே வைத்து உலர்த்த வேண்டும். நாளடைவில் கம்பளியின் நார் படிந்து பிடிப்பு விடத் தொடங்கினால், பழைய பல் பிரஷால் எதிர்ப்பக்கமாகத் தேய்த்தால் நார் மறுபடி எழும்பும். பாட்டி, நரி, காகம் எல்லாம் வருடக்கணக்கில் உழைக்கும். அடிக்கடி காணாமல் போவது அட்டை ஒன்றுதான். நூல் உருண்டையிலிருந்து இன்னொன்று வெட்டிக்கொள்ளலாம்.