மலை மேலே ஒரு பற்று வரவு!

கள்ளக்குறிச்சியில் நான் தங்கிய லாட்ஜ் அறையில் பிளக் பாயின்ட் மொத்தம் ஒன்று. அதிலும் கொசுவிரட்டி குடியிருந்தது.

என்னிடமோ செல்போன், கேமரா, இயர்பட்ஸ், ஸ்மார்ட் வாட்ச், பவர் பேங்க் என்று ஐந்து பிள்ளைகள். ஐந்தும் பசியில்! ராத்திரி பன்னிரண்டு மணிக்கு 'கொசுவா, செல்போனா' என்று தனியாகப் பட்டிமன்றம் நடத்தி, போனுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொல்லிவிட்டுப் படுத்தேன். காலையில் போனில் 100. என் முகத்தில் அதற்கும் மேல்.

"கவலையை விடுடா, வண்டியிலதான் சார்ஜர் இருக்கே!" என்று சொல்லிக்கொண்டேன். புறப்படுவதற்கு முதல் நாள்தான் எங்கள் தெரு மெக்கானிக் அதை மாட்டியிருந்தார். இரண்டு யு.எஸ்.பி. ஓட்டை, நடுவில் ஃபியூஸ், சாவி போட்டால் மட்டும் கரன்ட் வருகிற மாதிரி இணைப்பு. போகும்போது ஒரு வார்த்தை சொன்னார்: "அண்ணே, இஞ்சின் ஓடறப்ப மட்டும் சார்ஜ் போடுங்க."

சொன்னதைக் கேட்கிற பழக்கம் இருந்தால் நான் ஏன் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன்?

இந்தப் பயணத்தில் ஒரு நெருடல். அன்று காலை அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன். "அண்ணன் கூட இருக்கான், நீ போயிட்டு வா. மத்தியானம் ரெண்டு மணிக்கு மட்டும் போன் பண்ணு. உன் குரலைக் கேட்டாத்தான் நிம்மதி" என்றிருந்தார்.

2019-ல் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான ஊர் கள்ளக்குறிச்சி. அதைத் தாண்டினால் கரும்பும் மரவள்ளியும். கச்சிராயபாளையம், கோமுகி அணை என்று போய், அப்புறம் வளைந்து வளைந்து ஏறினால் கல்வராயன் மலை. கிழக்குத் தொடர்ச்சி மலைதான். ஊட்டி மாதிரி பவுடர் போட்டுக்கொள்ளாத அழகு! மூன்று ஜாகீர்தார்களின் கையில் இருந்த இந்த மலையை 1976-ல்தான் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. வெள்ளிமலை வரை வழியெல்லாம் பலாவும் புளியும் கடுக்காயும்.

பெரியார் நீர்வீழ்ச்சி அருகே ஓரங்கட்டினபோது மணி பன்னிரண்டரை. போனில் 35 சதவிகிதம். பாதியை மேப்பும் வீடியோவும் தின்றிருந்தன. மீதியைத் தின்றது இல்லாத சிக்னல்! டவர் கிடைக்காத இடத்தில் போன் சும்மா இருப்பதில்லை. திருவிழாவில் பிள்ளையைத் தொலைத்த தாய் மாதிரி தேடித் தேடியே களைத்துப்போகிறது.

ஒரு ஓட்டையில் போன், இன்னொன்றில் பவர் பேங்க். இஞ்சினை நிறுத்தி, சாவியை மட்டும் ஆனில் விட்டுவிட்டுக் குளிக்கிறவர்களைப் பார்த்தபடி ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

போனில் 80. ஆஹா! ஸ்டார்ட்டரை அமுக்கினேன். 'டிக்'. இன்னொரு தரம். 'டிக்'. ஹாரன் அடித்தேன். எலிக்குஞ்சு கத்தியது.

நான் பி.காம். அப்போதாவது பற்று வரவு போட்டுப் பார்த்திருக்க வேண்டாமா? வண்டி பாட்டரி 12 வோல்ட், 4 ஆம்பியர் அவர். இருப்பு 48 வாட் அவர். யு.எஸ்.பி. ஓட்டைகள் மணிக்கு 20, சாவி போட்டதால் எரிந்த மீட்டரும் விளக்கும் ஒரு 10. செலவு 30. மீதி 18-ஐ வைத்துக்கொண்டு செல்ஃப் எடுக்காது. இஞ்சின் ஓடினால்தானே வரவு! இதில் பவர் 'பேங்க்' வேறு என்னிடமே கடன் வாங்கிக்கொண்டிருந்தது.

பேச வேண்டிய போனில் சார்ஜ் இருக்கிறது, சிக்னல் இல்லை. சிக்னல் இருக்கும் இடத்துக்குப் போக வேண்டிய வண்டியில் சார்ஜ் இல்லை. கிக்கர்? என் வண்டிக்குக் கிடையாது. மணி ஒண்ணே முக்கால். வயிற்றைப் பிசைந்தது.

புளி மூட்டையோடு உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் எழுந்து வந்தார்.

"என்ன தம்பி, வண்டி மக்கர் பண்ணுதா?"

"பாட்டரி இறங்கிடுச்சுங்க ஐயா. ரெண்டு மணிக்கு வீட்டுக்குப் போன் பண்ணியாகணும். டவரும் இல்ல."

"டவரா? கீழ அந்த வளைவுல நின்னா வரும். ஏறி உட்காருங்க, தள்ளுறேன்."

இறக்கம் கை கொடுத்தது. இரண்டாவது கியர், கிளட்சைப் பிடித்து, வேகம் வந்ததும் விட்டேன். ஒரு உதறல், ஒரு இருமல்... பிடித்துக்கொண்டது! (பாட்டரி முழுசாகச் செத்திருந்தால் இதுவும் நடக்காது. இப்போதைய வண்டிகளில் பெட்ரோல் பம்புக்கே கரன்ட் வேண்டும்.)

இஞ்சினை அணைக்காமல் வளைவில் நின்றேன். பின்னாலேயே இறங்கி வந்த பெரியவர் மடியிலிருந்து பட்டன் போனை எடுத்துக் காட்டினார். "வாரத்துக்கு ஒருக்கா சார்ஜ் போட்டா போதும் தம்பி" என்றவர், என் ஐந்து பிள்ளைகளையும் ஒரு பார்வை பார்த்தார். நான் மலையைப் பார்த்தேன்.

இப்போதெல்லாம் வீட்டிலேயே பவர் பேங்க்கை நிரப்பிக்கொள்கிறேன். மலை ஏறியதும் போனை ஃப்ளைட் மோடில் போடுகிறேன். இஞ்சின் நின்றால் ஒயரைப் பிடுங்குகிறேன். இயர்பட்ஸும் வாட்ச்சும் வீட்டுக்காவல்.

அன்று இரண்டு மணி ஐந்து நிமிஷத்துக்கு அப்பா போனை எடுத்தார். ஒரு கண்ணில் கட்டோடு, முதல் கேள்வி:

"ஏண்டா லேட்டு? வண்டி ஸ்டார்ட் ஆகலையா?"